சார்லட் சீமாட்டியும் அச்சுப் பீங்கானும்

வேல்சு நாட்டின் பழங்கதைகளாகிய மாபினோகியனை ஆங்கிலத்திலே தந்த அம்மையாரைப் பற்றி அறியவேண்டும் என்ற ஆவலினாலேயே அவருடைய நாட்குறிப்பின் இரண்டு பெருந் தொகுதிகளை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். அவருடைய மைந்தர் மொன்ரேகு கெஸ்ற் என்பவர் பதிப்பித்து, 1911ஆம் ஆண்டிலே வெளிவந்தவை அவை. பக்கம் பக்கமாகப் புரட்டியும் கதையைக் காணேன், கவிதையைக் காணேன். கோப்பையும் தட்டும், கடைக்காரர் கேட்ட விலையும், அம்மையார் கொடுத்த விலையுமே எங்கும் நிறைந்திருந்தன. ஏமாற்றத்தோடு நூல்களை மூடி வைத்துவிட்டேன். உயர்ந்த இலக்கியப் பணி செய்த ஒருவர் பிற்காலத்திலே பீங்கான் பித்துப் பிடித்து அலைந்தார் என்றே அன்று எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையானது. அது பிழையென நான் கண்டுகொண்ட வகையைச் சொல்வதற்காகவே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

சார்லட் எலிசபெத் பேர்ட்டி 1812ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்ப் பகுதியிலுள்ள அஃபிங்டன் மாளிகையிலே பிறந்தார். தந்தையார் லிண்ட்சே பிரபு. மகளுக்கு ஆறு வயதாயிருக்கையில் அவர் காலமானார். தாயார் ஒரு பாதிரியாரை மறுமணஞ் செய்துகொண்டார். அம்மனிதரிடம் சிறுமிக்கு மனம் ஒட்டவேயில்லை. அவ்வீட்டிலே அவருக்குப் புகலிடமாக வாய்த்தவை நூல்களே. பத்து வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. அரபு, எபிரேயம், பாரசீகம் ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியினாலேயே பயின்றார். பிரபு குலத்து மங்கையருக்கு அக்காலத்தில் எவரும் விதித்திராத கல்வி அது.

1833ஆம் ஆண்டில், தமது 21ஆம் வயதிலே, அவர் யோன் யோசியா கெஸ்ற் என்பவரை மணந்தார். மாப்பிள்ளைக்கு வயது 48. வேல்சிலே மேர்தர் ரிட்வில் நகரையடுத்த டவ்லைஸ் இரும்பாலையின் அதிபர், பாராளுமன்ற உறுப்பினர். செல்வம் மிக்கவராயினும் வணிகர் என்பதனாற் பிரபு குலத்தார் முகஞ் சுளித்தனர். சார்லட் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1834 முதல் 1847 வரை பத்துப் பிள்ளைகளைப் பெற்றார்; அதனிடையே இரும்பாலைக் கணக்குகளையும் கடிதங்களையும் கவனித்தார்; வேல்சு மொழியையும் கற்றார். கற்றதோடமையாது, ஹேர்கெஸ்ற் செந்நூல் என வழங்கும் மத்தியகாலக் கையெழுத்தேட்டின் படியொன்றைப் பெற்று, 1838ஆம் ஆண்டிலிருந்து அக்கதைகளைப் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வெளியிட்டார். முழு நூல் மூன்று தொகுதிகளாக 1849இல் வந்தது. ஏட்டைப் படியெடுத்துக் கொடுத்தும் ஐயந்தீர்த்தும் வேல்சு அறிஞர் சிலர் அவருக்கு உதவினர் என்பது உண்மை. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மொழிபெயர்ப்பே அவருடையதன்று எனச் சொல்லுவாரும் பின்னர் எழுந்தனர். ஒரு பெண் இதனைச் செய்திருக்க முடியுமா என்ற ஐயமன்றி அதற்கு வேறு ஆதாரம் எதனையும் நான் கண்டதில்லை. தெனிசன் தம் ஈனிட் காவியத்துக்குக் கருவெடுத்தது இம்மொழிபெயர்ப்பிலிருந்துதான்.

1852ஆம் ஆண்டிற் கணவர் இறந்தார். டவ்லைஸ் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய இரும்பாலைகளுள் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் அங்கு உழைத்தனர். அதன் நிருவாகம் நாற்பது வயது விதவையின் கைக்கு வந்தது. மறு வருடமே கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்தவரே கூலி விடயத்தில் மற்றை முதலாளிகளின் பக்கத்திலேயே உறுதியாக நின்றார். அவரைப் புகழ்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவதை நான் கவனித்திருக்கிறேன். கணவரின் மரணசாதனப்படி, விதவையாயிருக்கும் வரையிலேயே அவருக்கு அவ்வதிகாரம் உண்டு. 1855இல் அவர் தம் மூத்த மகனின் ஆசிரியரும் தம்மிலும் பதினான்கு வயது இளையவருமான சார்ள்ஸ் ஷ்றைபரை மணந்தார். ஆலையின் ஆட்சி நீங்கிற்று. உறவினர் வட்டாரத்தில் எழுந்த பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை.

பீங்கான் வேட்டை அதன் பின்னரே வருகிறது. 1868ஆம் ஆண்டிலே சார்ள்ஸின் பாராளுமன்றப் பதவி முடிவுற்றது. அடுத்த ஆண்டிலிருந்து கணவனும் மனைவியும் ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்சு, ஜேர்மனி, ஸ்பெயின், இத்தாலி எனப் புகைவண்டியேறிப் புறப்பட்டுவிடுவர். அம்மையாருக்கு அப்போது வயது 57. பழம்பொருட் கடை, ஏலக்கூடம், பின்தெருவிலுள்ள தட்டுமுட்டுக்காரன் வீடு, ஒன்றையும் விடுவதில்லை. மடங்களிலும் பழைய வீடுகளிலும் ஏடு தேடித் திரிவாரைப்போல் அவர்கள் திரிந்தனர்.

இங்கிலாந்துப் பீங்கானைத் தேடுவோர் ஒல்லாந்துக்குப் போவானேன் என்று கேட்கலாம். நானும் அதனைத்தான் முதலிற் கேட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இங்கிலாந்தின் வெண்ணெய்நிற மட்பாண்டங்கள் ஒல்லாந்துக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயின. தாயகத்திலே உடைந்தும் ஒதுக்கப்பட்டும் மறைந்தவை அந்நாட்டு அலுமாரிகளிலே தப்பிக் கிடந்தன.

அவர்கள் தேடியவற்றுட் பெரும் பகுதி மன்னர் மேசைக்குரிய பொன் விளிம்புப் பாத்திரங்களே என்று கருதலாகாது. சேர்க்கையின் கணிசமான பகுதி அச்சுப் பீங்கான். இதன் தொழில்முறை கேட்க எளிது, செய்தற்கு அரிது. செப்புத் தகட்டிலே சித்திரத்தைச் செதுக்குவர். தகட்டைச் சூடாக்கி, உலோக வண்ணப்பொடியை எண்ணெயிற் குழைத்த மையைப் பூசி, மேற்பரப்பை வழித்துத் துடைத்தால், செதுக்கிய கீற்றுக்களுள் மாத்திரம் மை தங்கும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தாற் சித்திரம் தாளில் ஏறிவிடும். அத்தாளைப் பாத்திரத்தின் வளைவிலே படிய ஒட்டி, நன்றாகத் தேய்த்து, பின்பு நீராற் கழுவி நீக்குவர். சூளையில் இட்டபின் சித்திரம் அழியாது. கூர்ந்து பார்த்தால் தாளின் இரு ஓரங்கள் சந்தித்த இடத்திலே கோடுகள் சற்றுப் பிசகி நிற்பது தெரியும். கையால் தீட்டியதா, தாளால் ஏற்றியதா என அறிய அந்தப் பிசகே சான்று. ஆதியில் இவ்வச்சை மெருகின் மேலே கருமையாகவும் செம்பழுப்பாகவும் பதித்தனர்; நாட்பட்ட பாவனையில் அது தேய்ந்துவிடும். மெருகின் கீழே நீலத்தால் அச்சிடும் முறையை ஸ்ரபோட்ஷயர்ப் பகுதியில் யோசியா ஸ்போட் 1784ஆம் ஆண்டளவிற் செம்மைப்படுத்தினார்.

இத்தொழில் பிறந்த கதையிலே லிவர்ப்பூல் நகரத்து யோன் சாட்லருக்கு முக்கிய இடமுண்டு. வீணான அச்சுத் தாள்களை அவர் குழந்தைகளுக்குக் கொடுக்க, அவர்கள் அவற்றை உடைந்த ஓட்டுத் துண்டுகளில் ஒட்டி விளையாடியதைக் கண்டே அவருக்கு இந்த யோசனை தோன்றிற்று என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அவர் கொடுத்த சத்தியக் கடதாசி மெய். 1756ஆம் ஆண்டு யூலை மாதம் 27ஆம் திகதி, சாட்லரும் அவருடைய கூட்டாளி கை கிறீன் என்பவரும் ஆறு மணி நேரத்துக்குள்ளே, வேறொருவர் துணையின்றி, 1,200க்கு மேற்பட்ட சுவரோடுகளில் அச்சிட்டனர். கைதேர்ந்த ஓவியர் நூறு பேர் அதே நேரத்தில் தீட்டக்கூடியதிலும் இது அதிகம் என அக்கடதாசி உறுதி கூறுகின்றது. அந்த நூறு ஓவியரின் பிழைப்பு என்னவாயிற்று என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆயினும் அதன் பின்னரே, ஓவியம் என்பதை மாளிகைச் சுவரில் மாத்திரம் கண்ட நாட்டிலே, சாதாரண வீட்டுத் தேநீர்க் கோப்பையிலும் சித்திரம் வந்து அமர்ந்தது. போர்வீரனும் நாடக நடிகையும் கப்பலும் அரசியற் கேலியும் அடுப்படிவரை புகுந்தன.

இவற்றைச் சேர்த்தல் ஒன்று, ஆராய்தல் வேறொன்று. பழைய அச்சுப் பாத்திரங்களிற் பெரும்பாலானவற்றில் ஆலையின் பெயரும் இராது, செதுக்கியவர் பெயரும் இராது. பெயர் இருந்தாலோ வேறு சிக்கல். வூஸ்ரர் நகரப் பீங்கான் சிலவற்றிலே 'ஆர்', 'எச்' என்னும் இரண்டு எழுத்துக்களும் நங்கூரக் குறியும் காணப்படும். அவை றொபேட் ஹான்கொக் என்ற செதுக்குக் கலைஞரைக் குறிப்பனவா, ஆலைப் பங்காளிகளுள் ஒருவரான றிச்சட் ஹோல்ட்ஷிப்பைக் குறிப்பனவா? கப்பலைப் பிடித்து நிறுத்துவது நங்கூரம். ஹோல்ட்ஷிப் என்ற பெயரின் பொருளும் அதுவே. பெயரையே விடுகதையாக்கி, கலைஞரின் வேலைக்கு ஆலைக்காரர் தம் முத்திரையை இட்டுக்கொண்டார் என்பது அறிஞர் கண்ட முடிவு. இலண்டனையடுத்த பற்றர்சீயிலே 1753 முதல் 1756 வரை மூன்றாண்டுகளே நடந்து முறிந்துபோன எனாமற் பட்டறையொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. செப்பின்மேற் பூசிய எனாமலில் அச்சிட்ட சிமிழ்களையும் சிறு தகடுகளையும் அது செய்தது. அம்மையார் அவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தார். பிரித்தானிய நூதனசாலையின் ஓகஸ்ரஸ் வொலஸ்ரன் பிராங்க்ஸ் அவருக்கு நண்பர். ஐயப்பாடான பொருள்களை இருவரும் ஆராய்வர்.

குறை ஒன்றையும் சொல்லவேண்டும். பொருளின் அருமை அறியாத ஏழை விற்பனையாளரிடம் மிகச் சொற்ப விலைக்கு வாங்கிவிட்டால், அன்றைய குறிப்பிலே அம்மையாரின் குதூகலத்துக்கு எல்லையில்லை. படிக்கும்போது எனக்கு மனம் சிறிது கூசிற்று. டவ்லைஸ் ஆலையிற் கூலிக் கணக்குப் பார்த்த கண்ணேதான் இங்கும் விழித்திருந்தது போலும்.

அம்மையாரின் மகள் ஈனிட்டுக்கு மாபினோகியன் கதைத்தலைவியின் பெயரையே இட்டிருந்தனர். அவரை 1869இல் மணந்தவர் நினிவே நகரை அகழ்ந்த ஓஸ்ரின் ஹென்றி லேயார்ட். இவருடைய தந்தையார் இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். லேயார்ட் தாமும் 1839ஆம் ஆண்டிலே, இலங்கையில் வழக்கறிஞர் தொழில் செய்யும் நோக்கத்துடனேயே தரைமார்க்கமாகப் புறப்பட்டார். இடைவழியிலே மெசப்பொத்தேமியாவின் மண்மேடுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. நாம் ஒரு வழக்கறிஞரை இழந்தோம். பின்னர் அவர் மட்றிட்டிலும் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் பிரித்தானியத் தூதராயிருந்தார். மகளைக் காணப்போகும் பயணமும் மாமியாருக்குப் பீங்கான் தேடும் பயணமாயிற்று.

1884ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சார்ள்ஸ் ஷ்றைபர் லிஸ்பனிலே காலமானார். பதினைந்து ஆண்டுகள் இருவருமாக அலைந்து சேர்த்தவை வீட்டில் நிறைந்திருந்தன. எழுபத்திரண்டு வயதை அடைந்துகொண்டிருந்த அம்மையார் அவற்றை விற்கவில்லை, பிள்ளைகளுக்குப் பங்கிடவுமில்லை. இங்கிலாந்துப் பீங்கான், மட்பாண்டம், எனாமல் ஆகியவற்றுள் ஏறக்குறைய 1,800 பொருள்களைத் தெரிந்தெடுத்து, கணவரின் நினைவாகத் தென் கென்சிங்ரன் நூதனசாலைக்கு நன்கொடையாக்கினார். 1899முதல் விக்ரோறியா அல்பேட் நூதனசாலை என்று வழங்குவது அதுவே. பொருள்களைக் கொடுத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி விவரப்பட்டியலும் ஆக்கினார். 1885இல் அது அச்சேறிற்று. அதன் முகப்பிலே சேர்த்தவர் என முதலில் நிற்பது சார்ள்ஸின் பெயர்; சீமாட்டியின் பெயர் அதற்கு அடுத்ததாகவே வருகிறது.

அந்த முகப்பைக் கண்டபோதுதான் நான் மூடிவைத்த நாட்குறிப்பை மறுபடி திறந்தேன். நாள்தோறும் எழுதிய கை யாருடையது, பொருளை இனங்கண்ட கண் யாருடையது என்பதற்கு அத்தொகுதிகளே சாட்சி. கதையைக் காணேன் என்று முன்பு குறைபட்டேனல்லவா? கையேட்டிலே அடங்கிக் கிடந்த கதைகளை அச்சேற்றிப் பலர் கைக்குக் கொடுத்தவர், அச்சினாற் பலர் கைக்கு வந்த சித்திரங்களைப் பிற்காலத்திலே தேடியலைந்தார். இரண்டும் ஒரே மனத்தின் செயலென இன்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய அடுத்த முயற்சிகளும் இதற்கு மாறாகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் அச்சிட்ட விசிறிகளைச் சேர்த்தார். சீட்டாட்டக் கடதாசிகளைச் சேர்த்தார். நடனச் சுரங்களும் அரசியல் நிகழ்ச்சிகளும் அச்சிட்ட விசிறிகள் அவை. ஆடித் தேய்ந்தபின் எவரும் பாதுகாத்து வைக்காத பொருள்கள். விசிறி பற்றிய பெருநூல்கள் 1888இலும் 1890இலும் வெளிவந்தன. விசிறிகளைப் பிரித்தானிய நூதனசாலை 1891இற் பெற்றது. சீட்டுக்களைப் பற்றிய மூன்று தொகுதிகளுட் கடைசித் தொகுதி, அவர் இறந்த ஆண்டாகிய 1895இலேயே வெளியாயிற்று. சீட்டுக்களும் அதே நூதனசாலையைச் சேர்ந்தன.

இறுதி ஆண்டுகளிற் கண்பார்வை மங்கிற்று. மையின் கீற்றைக் கண்டு கைவேலையா அச்சா எனச் சொன்ன கண்கள் அவை. நாட்குறிப்பு 1891ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டது. கைகள் மாத்திரம் ஓயவில்லை. பார்வை வேண்டாத தொழிலாகப் பின்னல் வேலையை மேற்கொண்டு, இலண்டன் வீதிகளிலே குளிரில் நின்ற வாடகைக் குதிரைவண்டிக்காரருக்குச் சிவப்புக் கம்பளிக் கழுத்துத் துண்டுகள் பின்னிக் கொடுத்தார். 1895ஆம் ஆண்டு சனவரி மாதம் 15ஆம் திகதி கான்போட் மாளிகையிலே உயிர்நீத்தார். நூதனசாலையிலே அவர் கொடுத்த ஒவ்வொரு பொருளின் இலக்கமும் 414 என்ற எண்ணோடு தொடங்கி 1885 என்ற ஆண்டோடு முடிகின்றது. இடையிலுள்ள எண் மட்டும் கோப்பைக்குக் கோப்பை வேறுபடும்.