பூட்டையும் திறப்பையும் கண்ட எமில் பிஷர்

நம் உடலில் எண்ணற்ற மூலக்கூறுகள் ஓயாது ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்நெரிசலில் ஒரு நொதியம் தனக்குரிய மூலக்கூற்றை மட்டும் எவ்வாறு இனங்காண்கிறது? இவ்வினாவுக்கு 1894ஆம் ஆண்டிலே தெளிவான விடை பகர்ந்தவர் ஜேர்மானிய இரசாயனவியலறிஞர் எமில் பிஷர் ஆவார்.

இவர் 1852 ஒக்டோபர் 9ஆம் நாள், றைன் நதிப் பிரதேசத்திலுள்ள ஒய்ஸ்கிர்ஷன் என்னும் ஊரிலே வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மகனும் வணிகனாக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். மரவியாபாரத்தில் ஈடுபடுத்தியும் பார்த்தார். பையன் அத்தொழிலுக்கு உதவான் எனக் கண்டபின்னரே படிக்க அனுப்பினார். பிள்ளை பத்து வயதை எட்டுமுன்னரே வைத்தியன், பொறியியலாளன் என முத்திரை குத்திவிடும் நம்மவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பொன் நகரிலும் பின்னர் ஸ்ட்ராஸ்பேர்க்கிலும் கற்ற பிஷர், 1874இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, ஒளி பட்டால் பச்சையாய் ஒளிரும் புளோரசீன் என்னும் சாயம். அடுத்த ஆண்டிலே பீனைல் ஐதரசீன் என்ற சேர்மத்தைக் கண்டுபிடித்தார். வெல்லங்கள் பாகாகவே நின்று ஆய்வாளரை அலைக்கழித்த காலம் அது. இச்சேர்மத்தோடு வினைபுரிந்ததும் அவை மஞ்சட் பளிங்குகளாய்ப் படிந்தன. அப்பளிங்குகளின் துணைகொண்டே குளுக்கோசு முதலியவற்றின் அமைப்பை 1891ஆம் ஆண்டளவில் வகுத்துக் காட்டினார். ஆனால் அப்பொருள் நஞ்சு. அது அவரது உடல்நலத்தை நெடுங்காலம் வாட்டியது.

பூட்டும் திறப்பும் என்னும் உவமை இவ்வெல்ல ஆராய்ச்சியிலேதான் பிறந்தது. குளுக்கோசிலிருந்து ஆக்கிய இரு சேர்மங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஓரிடத்தில் அணுக்கள் திரும்பியிருக்கும் திசை மட்டுமே அவற்றிடையே வேறுபாடு. மதுவத்தின் நொதியம் ஒன்றைப் பிளந்தது, மற்றதைத் தொடவில்லை. பாதாம் பருப்பின் நொதியமோ அதற்கு நேர்மாறாக நடந்தது. வடிவம் பொருந்தினாலன்றிப் பூட்டுத் திறவாது என்பதை பிஷர் இவ்வாறு கண்டார்.

வெல்லங்களையும், கஃபீன், தியோபிலின், யூரிக் அமிலம் ஆகியன அடங்கும் பியூரீன் குடும்பத்தையும் ஆராய்ந்தமைக்காக 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. இல்லமோ அதற்கு முன்னரே இருண்டிருந்தது. மணமாகி ஏழாண்டில், 1895இல், மனைவி ஆக்னஸ் மறைந்தார். முதலாம் உலகப் போர் மூண்டதும் அவருடைய அறிவும் போர்த் தேவைகளுக்கே திருப்பப்பட்டது. மூன்று புதல்வரில் இருவரை அப்போர்க் காலத்தில் இழந்தார். அத்துயரத்தை இம்மலரை வாசிக்கும் பெற்றோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1919 ஜூலை 15இல் பெர்லினில் காலமானார். எஞ்சிய மகன் ஹேர்மன் பிற்காலத்தில் தாய்நாட்டை நீங்கி, கனடாவிலும் அமெரிக்காவிலும் வெல்லங்களையே ஆராய்ந்தார். தந்தையின் நூற்றொகுதியும் அவரோடு கடல் கடந்தது.

இயற்கை செய்த பூட்டைக் கண்டவர் பிஷர். அத்தகைய பூட்டைக் கையாற் செய்தவர்கள் பின்வந்தோர். 1972இல் ஜேர்மனியில் குந்தர் வுல்ஃப் அதற்கொரு வழி காட்டினார். விரும்பிய மூலக்கூற்றைச் சுற்றிச் சிறு மூலக்கூறுகளை நிறுத்தி, அவற்றைப் பிணைத்துப் பல்பகுதியமாய் இறுகச் செய்வர். பின்னர் நடுவிலிருப்பதை அகற்றுவர். களிமண்ணில் திறப்பை அழுத்தியெடுத்தாற்போல் அதன் அச்சு அங்கே எஞ்சும்.

சுவீடனில் கிளாஸ் மொஸ்பாக்கின் குழுவினர் 1993இல் தியோபிலினுக்கு இவ்வாறு அச்சிட்டனர். தியோபிலின் தொய்வு நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. கஃபீனோ கோப்பியிலும் தேநீரிலும் உள்ளது. ஒரேயொரு மெதைல் கூட்டமே இரண்டுக்கும் வேறுபாடு. பிஷர் தம் ஆய்வுகூடத்தில் தொகுத்த அவ்விரண்டையும் அந்தப் பல்பகுதியம் பிரித்தறிந்தது. 1995இல் அக்குழுவினர் அச்சிட்ட பல்பகுதியத்தை ஒளியிழையோடு இணைத்து உணரி ஒன்றையும் அமைத்தனர்.

இன்று இத்தகைய உணரிகள் சிலவற்றில் அச்சுக் குழியின் அருகிலேயே ஒளிரும் சாயத்தைப் பதிக்கின்றனர். உரிய மூலக்கூறு உள்ளே புகுந்ததும் ஒளிர்வு கூடும் அல்லது மங்கும். கருவி அதனை அளந்து காட்டும். அவ்வாறு பதிக்கப்படும் சாயங்களுள், பிஷர் தம் இருபத்திரண்டாம் வயதுக்குள் ஆராய்ந்து முடித்த புளோரசீனின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உள்ளன.