பால்வெளியின் இரைச்சலைக் கண்டறிந்த கார்ல் ஜான்ஸ்கி

வானொலி வானியலுக்கு வித்திட்ட கார்ல் ஜான்ஸ்கி, 1905-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தார். 1928-இல் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். அட்லாண்டிக் கடலைக் கடந்து வானொலி அலைகள் வழியே நடைபெறும் தொலைபேசி உரையாடல்களில் குறுக்கிடும் இரைச்சலின் மூலத்தைக் கண்டறியும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதற்காக நியூ ஜெர்சி மாநிலம் ஹோம்டெலில், குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் அலைகளை ஏற்கும் சுமார் 30 மீட்டர் நீள ஆண்டெனாவை அவர் அமைத்தார். ஃபோர்டு கார் சக்கரங்களின் மீது பொருத்தப்பட்ட அது, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை முழுவட்டமாகச் சுழன்றது. இடி, மின்னலால் எழும் இரைச்சலுடன், இடைவிடாத மெல்லிய சீறல் ஒன்றும் பதிவானது. அது உச்சம் பெறும் நேரம் நாள்தோறும் 4 நிமிடங்கள் முந்தியது. விண்மீன்களும் அவ்வாறே முந்தி உதிப்பதால், சீறல் சூரியனிலிருந்து வரவில்லை, பால்வெளி மண்டலத்தின் மையத் திசையிலிருந்தே வருகிறது என 1933-இல் அவர் அறிவித்தார்.

ஆய்வைத் தொடரப் பெரிய கிண்ண வடிவ ஆண்டெனா அமைக்க அவர் விடுத்த கோரிக்கையை நிறுவனம் ஏற்காமல், வேறு பணி வழங்கியது. 1950 பிப்ரவரி 14 அன்று, 44-ஆவது வயதில் அவர் காலமானார்.

விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் செறிவை அளக்கும் அலகு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாலக்காட்டை அடுத்த நீலகிரியில் 1970-இல் செயல்படத் தொடங்கிய உதகை வானொலித் தொலைநோக்கியின் அளவீடுகளிலும் அந்த அலகே பயன்படுகிறது.