722 தடவை மென்றவர்

லஞ்ச் பிரேக் நாற்பது நிமிஷம். அதுல மெஸ் க்யூவுக்கு இருபது, திரும்பி டிபார்ட்மென்ட்டுக்கு நடக்க பத்து. மிச்சமிருக்கிற பத்து நிமிஷத்துல சாம்பார், ரசம், மோர்னு மூணு ரவுண்டையும் முடிச்சிடறோம். நாலு வருஷம் இப்படிச் சாப்பிட்டதில் என் பேண்ட் சைஸ் 30-லிருந்து 36 ஆகிடுச்சு. அந்தக் கடுப்பில் எதையோ தேடிப் படிக்கும்போது மாட்டினவர்தான் ஹோரேஸ் ஃப்ளெட்சர்.

1849-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். பதினாறு வயசுல வீட்டை விட்டுக் கப்பலேறிவிட்டார். பிறகு அச்சு மை தயாரித்தார், ஜப்பான் பொருட்களை இறக்குமதி செய்து விற்றார், நியூ ஆர்லியன்ஸில் ஆபெரா ஹவுஸ் நடத்தினார். கையில் நல்ல காசு. நல்ல சாப்பாடு, விருந்து, அதுக்கு ஏத்த உடம்பு. உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 217 பவுண்டு. நம்ம கணக்குல 98 கிலோ.

நாற்பதுகளில் லைஃப் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனார். உடம்பைச் சோதித்த கம்பெனி, பாலிசி கிடையாதுன்னு சொல்லிடுச்சு. சும்மா யாராவது குண்டு என்று சொன்னால் சிரிச்சிட்டுப் போயிடலாம். இவர் சீக்கிரம் செத்துடுவார்னு ஒரு கம்பெனி கணக்குப் போட்டுச் சொன்னா? ஃப்ளெட்சருக்கு அது நல்லாவே உறைத்தது.

1898 கோடையில் வியாபார விஷயமாக சிகாகோவில் காத்திருக்க வேண்டி வந்தது. நண்பர்கள் யாரும் ஊரில் இல்லை, செய்ய வேலையும் இல்லை. அந்த நேரத்தில் தன் மேலேயே ஒரு பரிசோதனை ஆரம்பித்தார். பசித்தால் மட்டும் சாப்பிடணும். கோபமா, கவலையா இருக்கும்போது சாப்பிடக்கூடாது. பிடிச்சதை எடுத்துக்கலாம், ஆனா வாயில் போட்டது தண்ணி மாதிரி ஆகி, தானா தொண்டைக்குள் இறங்குற வரைக்கும் மெல்லணும். கரையாம சக்கையா நிக்கிறதைத் துப்பிடணும். பால், சூப்பைக்கூட வாயில் வச்சு மெல்லச் சொன்னார். சில மாதத்தில் நாற்பது பவுண்டுக்கு மேல் குறைந்தது. அடுத்த வருஷம், ஐம்பதாவது பிறந்தநாளில், பிரான்ஸில் ஒரே நாளில் ஏறக்குறைய 190 மைல் சைக்கிள் ஓட்டியதாக அவரே எழுதியிருக்கிறார்.

இதோட நிறுத்தியிருந்தா நல்ல கதை. ஆனா ஆள் எண்ண ஆரம்பிச்சிட்டார். ஆறு கிராம்கூட இல்லாத வெங்காயத் தண்டு ஒன்றை விழுங்க 722 தடவை மென்றதாகக் கணக்கு எழுதி வைத்தார். ஊர் ஊராகப் பேசினார், புத்தகம் போட்டார். அவர் பேரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் ஆனது. டாக்டர் கெல்லாக் தன் சானடோரியத்தில் நோயாளிகள் பாடுவதற்கு மெல்லும் பாட்டு ஒன்றே எழுதினார் (கார்ன் ஃப்ளேக்ஸ் கெல்லாக்கேதான்). பிராக் நகரத்தில் இளைஞர் காஃப்கா மேசையில் உட்கார்ந்து மென்ற மெல்லலைப் பார்க்கச் சகிக்காமல் அவர் அப்பா நியூஸ்பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டாராம். அந்த அப்பா மேல எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரஸ்ஸல் சிட்டெண்டன் 1903-ல் இவரைச் சோதித்தார். ஐம்பத்து மூன்று வயசுக்காரரைக் கல்லூரிப் படகுக் குழு செய்யும் கடும் உடற்பயிற்சிகளைச் செய்ய வைத்தார்கள். மறுநாள் உடம்பு வலியே இல்லை. அந்தச் சோதனையில் ஃப்ளெட்சர் தினமும் சாப்பிட்டது சுமார் 45 கிராம் புரதம், 1600 கலோரி. அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்கள் புரதம் மட்டுமே 118 கிராம் வேணும்னு சொல்லிட்டிருந்தன.

என்னைப் பொறுத்தவரை அந்த 1600-லதான் விஷயம் இருக்கு. நல்லா மென்றால் உணவிலிருந்து சத்து கூடுதலாகக் கிடைக்கும், அதனால் கொஞ்சமே போதும்னு ஃப்ளெட்சர் நம்பினார். உண்மையில் நடந்தது வேற. அவர் குறைவாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான். வயிறு நிறைந்த தகவல் குடல் ஹார்மோன் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளையில் உறைக்க ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது புரியும்: ஃபீட்பேக் லேட்டா வந்தா ஓவர்ஷூட் ஆகும். பத்து நிமிஷத்துல தட்டைக் காலி பண்றவன், சிக்னல் வர்றதுக்குள்ள ரெண்டு கரண்டி சோறு கூடுதலா போட்டுட்டிருப்பான். மெதுவா சாப்பிட்ட ஃப்ளெட்சருக்கு சிக்னல் நேரத்துக்கு வந்தது. அவுட்புட் சரி, அதுக்கு அவர் சொன்ன மாடல்தான் தப்பு.

தப்பான மாடலைப் பிடித்துக்கொண்டதால் மற்றவர்கள் அவதிப்பட்டார்கள். சக்கையைத் துப்பினால் நார்ச்சத்து போச்சு, மலச்சிக்கல் வரும். தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் மூணு மாசத்துல கைவிட்டார். அவர் தம்பி, நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், வருஷக்கணக்கில் பக்தியோடு மென்று, வயிறு கெட்டு, கடைசியில் விட்டார்.

முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கான நிவாரணக் குழுவில் ஃப்ளெட்சர் வேலை செய்தார். கொஞ்சமா இருக்கிற உணவை எப்படிப் போதுமானதாக்குவது என்று சொல்லித் தரும் வேலை. 1919 ஜனவரியில் கோபன்ஹேகனில், மூச்சுக்குழல் அழற்சியால் இறந்தார். நொறுங்கத் தின்றால் நூறு வயதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. இவர் நொறுக்கின நொறுக்கலுக்கு இருநூறு வந்திருக்கணும், கிடைத்தது 69. அதுக்கு முந்தின வருஷம்தான் லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற டாக்டரம்மா கலோரிக் கணக்குப் புத்தகம் போட்டிருந்தார். ஜனங்க மெல்லுவதை எண்ணுறதை விட்டுட்டு கலோரியை எண்ண ஆரம்பிச்சாங்க. மென்றவரோடு சேர்த்து, மெதுவா சாப்பிடுற விஷயத்தையும் கிண்டலாக்கி ஓரமா வச்சிட்டாங்க.

நேத்து காலையில் மெஸ்ல ட்ரை பண்ணிப் பார்த்தேன். இட்லி பதினாலாவது மெல்லலிலேயே கரைஞ்சு தானா இறங்கிடுச்சு. ஃப்ளெட்சர் ரூல்படி அது ஓகே. மூணாவது இட்லியில் போதும்னு இருந்தது. வழக்கமா ஆறு. ஃபர்ஸ்ட் ஹவருக்குத்தான் அட்டெண்டன்ஸ் போயிடுச்சு.