உயர்ந்தபோதும் மாணவராய் நின்றவர்: விபுலாநந்த அடிகளார்

நம் திருகோணமலையில் துறைமுகத்திலும், மா ஆலையிலும், அரசாங்கக் கந்தோர்களிலும், பாடசாலைகளிலும் கடமைபுரியும் இளைஞர் பலர். அவருள் சிலர் ஆண்டுதோறும் பதவி உயர்வு பெறுகின்றனர். நேற்று வரை தோளோடு தோள் நின்றவர் இன்று மேலாளர். சோதனையும் அன்றே தொடங்குகிறது. பழைய வேலையை விட மனமின்றி அனைத்தையும் தாமே செய்ய முற்படுவார் சிலர். பழைய தோழரைக் கண்டும் காணாதார் போல் நடப்பார் சிலர். இவ்விரு வழியும் செல்லாது உயர்ந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றோம்.

1892ஆம் ஆண்டு காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியர்க்குப் பிறந்தவர் மயில்வாகனனார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, பின் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக அமர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

இனிமேல் ஏறுமுகமே என்று உலகம் எண்ணியிருக்கும். அவரோ 1922இல் அப்பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பிரமசாரியாகச் சேர்ந்தார். ஒரு கல்லூரிக்கே ஆணையிட்டவர், மடத்து மூத்தோரின் ஆணைக்கு அடங்கி ஈராண்டு பயின்றார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். அதிகாரம் செலுத்தத் தெரிந்தவர் மீண்டும் பணியக் கற்ற இக்காலமே அவர் பின்னர் ஏற்ற பெரும் பொறுப்புக்கு அடித்தளம் என்பது நம் துணிபு.

1925இல் இலங்கை திரும்பியவர், மிஷன் பாடசாலைகளின் முகாமையாளரானார். நம் நகரின் இந்துக் கல்லூரியும் அப்பொறுப்பில் அடங்கிற்று; ஈண்டு அதிபராகவும் சிலகாலம் இருந்தார். ஆசிரியர் தம் வகுப்பைக் காப்பார். அதிபர் தம் கல்லூரியைக் காப்பார். முகாமையாளரோ பல ஊர்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை நியமிக்கவும், கட்டடத்திற்குப் பொருள் தேடவும், அரசாங்க உதவி நன்கொடை தவறாது கிடைக்கச் செய்யவும் வேண்டும். எல்லா வகுப்பிலும் தாமே நின்று கற்பித்தல் இயலாது. நல்லாரைத் தேர்ந்து, நம்பி, அவரிடம் விடவே வேண்டும். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவரும் இவரே.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்தது. அவர் சென்ற பின்னும் இங்குள்ள பாடசாலைகள் தளரவில்லை. சுவாமி நடராஜானந்தர் முதலியோர் அவற்றைப் பேணி வளர்த்தனர். தாம் இல்லாதபோதும் நடைபெறும்படி ஒரு காரியத்தை அமைப்பதன்றோ தலைமையின் இலக்கணம்! சிதம்பரத்திலும் அவர் பழைய தொழிலை மறந்தாரல்லர். பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்குச் சென்று அங்குள்ள சிறுவர்க்குக் கல்வி புகட்டினார். பேராசிரியப் பதவி அவருடைய கால்களை அச்சேரிக்குப் போகாது தடுக்கவில்லை.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ் நூல் 1947 யூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் இவ்வுலக வாழ்வை நீத்தார். கல்லடி உப்போடையில், தாம் தொடங்கிய வித்தியாலய வளவிலே அவரது சமாதி உளது. 1960இன் சட்டத்தின் பின் மிஷன் பாடசாலைகள் அரசாங்கத்தின்கீழ் வந்தன. ஆயினும் நம் கோணேசுவர இந்துக் கல்லூரி தன் பெயரில் இராமகிருஷ்ண மிஷனின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

உயர்வு பெறும் இளைஞர் இவ்வரலாற்றில் மூன்று காரியம் காண்பாராக. புதிய கதிரையில் அமருமுன் மீண்டும் மாணவராதல். நேற்றைய வேலையைத் தக்கார் கையில் ஒப்புவித்தல். நேற்றைய மனிதரை மறவாதிருத்தல். நம் சங்கத்து மூத்தோரும், தாம் வகிக்கும் பொறுப்பை நாளை யார் ஏற்பார் என்பதை இன்றே எண்ணி, அவரை ஆயத்தம் செய்வாராக. அடிகளாருக்கு நாம் செலுத்தக்கூடிய வணக்கம் அதுவே.