பத்தாண்டுக்கு அப்பால் பார்த்தவர்: இரட்டைமலை சீனிவாசன்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரச் சேரிகளிலிருந்து நில விவகாரத்திற்காக நம்மைத் தேடி வருவோரில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்ட பிறகே வருகின்றனர். முன்பணம் செலவாகியிருக்கும். பவர் பத்திரத்தின் நகல்கூடக் கையில் இராது. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. பெண்ணின் திருமணமோ மருத்துவச் செலவோ வாசலில் நிற்கும்போது, இருபதாண்டுக்குப் பின் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்பது வசதி படைத்தவருக்கே வாய்ப்பது என்று தோன்றும். அது முழு உண்மையன்று. அன்றாடங்காய்ச்சிகளான மக்களின் சார்பில் நின்று, ஒவ்வொரு அடிக்கும் முன் அடுத்த தலைமுறையைக் கணக்கில் கொண்ட ஒருவர் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்திருக்கிறார். அவர்தாம் இரட்டைமலை சீனிவாசன்.

1860ஆம் ஆண்டை ஒட்டி, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் அவர் பிறந்தார். படித்தது கோயம்புத்தூரில். ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற அப்பள்ளியில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர். ஊர், பெயர், உறவு என்று பேச்சு வளர்ந்தால் சாதி தெரிந்துவிடும் என அஞ்சி, அவர் பிள்ளைகளோடு கலந்து விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். பின்னர் நீலகிரியில் ஆங்கிலேய வணிக நிறுவனமொன்றில் கணக்கராகப் பணியாற்றினார். அயோத்திதாசப் பண்டிதர் அவருக்கு மைத்துனர் முறை. பண்டிதரும் நீலகிரியில் இயங்கியவரே. இருவரின் வழிகளும் பின்னாளில் பிரிந்தன.

1890இல் சென்னைக்கு வந்த சீனிவாசன், அடுத்த ஆண்டே பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பள்ளிப் பருவத்தில் எந்தப் பெயருக்கு அஞ்சி ஒதுங்கினாரோ, அதே பெயரை இதழின் நெற்றியில் அச்சிட்டார். பண்டிதருக்கு அப்பெயரில் உடன்பாடில்லை. இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரை நாமே சுமக்கலாகாது, பழம்பெருமையை மீட்க வேண்டும் என்பது அவர் நிலை. மறைந்து வாழ்பவன் உரிமை கேட்க முடியாது என்பது சீனிவாசனின் கணக்கு. இவ்விவாதம் இன்றும் நமது மாணவர் விடுதிகளில் முடிந்தபாடில்லை.

அவ்வாண்டின் இறுதியில் அவர் எடுத்த முடிவே அவர்மீது நெடுங்காலம் பழி சுமத்தியது. இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வு அன்று இலண்டனில் மட்டுமே நடைபெற்றது. அதனை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் எனக் காங்கிரஸ் கோரிவந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்கு இசைவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கேட்பதற்கு இதைவிட நியாயமான கோரிக்கை வேறில்லை. ஆயினும் சீனிவாசன் டிசம்பரில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, அதனை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். அதன் நீளம் 112 அடி; கையொப்பங்கள் 3,412.

ஏன் எதிர்த்தார்? தேர்வு இங்கு வந்தால் அதனை எழுதப் போவது யார் என்று அவர் கேட்டார். சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாத காலம் அது. கிராமத்தில் கணக்குப்பிள்ளையாகவும் மணியக்காரராகவும் நம்மை அடக்கியாண்ட சாதிகளே மாவட்டத்தில் கலெக்டராகவும் நீதிபதியாகவும் வந்து அமர்ந்தால், முறையிட மேலே எவரும் இரார். வெள்ளையர் மீதிருந்த பற்றினால் அவர் இதைச் செய்தார் என்று எழுதுவோர் இவ்வாதத்தைப் படிக்காதவர்கள் என்றே கருதுகிறோம். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என அரசு பின்னர் அவருக்கு அளித்த பட்டங்கள் அப்பழிக்கு வசதியாக அமைந்தன என்பதும் உண்மையே. நமக்கும் ஒரு குறை உண்டு. ஒரு கதவை அடைத்து வைக்கக் கோரும் அரசியல், அக்கதவு நமக்கும் அடைபட்டிருக்கும் நாளைக் கொஞ்சம் நீட்டிக்கவே செய்யும். அவர் அதனை அறிந்தே ஏற்றார். முதலில் பள்ளி, பிறகு பதவி என்பதே அவர் வகுத்த வரிசை.

1900ஆம் ஆண்டளவில் நாட்டைவிட்டுப் புறப்பட்டவர், தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். பொதுத் தெருக்கள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். மறு ஆண்டு அது அரசிதழில் வெளியாயிற்று.

தீர்மானம் இருந்தது, நடந்து பார்த்தவன் என்ன ஆனான்? அன்று மாலையே கூலி வேலை நின்றது, கடையில் உப்புக் கிடைக்கவில்லை, குடியிருக்கும் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். உரிமையைப் பயன்படுத்திய மறுநாள் என்ன நேரும் என்பதையும் சட்டமே எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கான விடை இலண்டன் வட்டமேசை மாநாட்டில் எழுத்தில் வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோடு கைகுலுக்கத் தயங்கித் தம்மைத் தீண்டத்தகாதவர் என்று அவர் சொன்ன கதையை மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதைவிடப் பெரிய செய்தி, முதல் மாநாட்டில் அம்பேத்கரும் அவரும் சேர்ந்து கையொப்பமிட்டு அளித்த பாதுகாப்புத் திட்டம். சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அதனைப் படிக்க வேண்டும் என்போம். வீடோ நிலமோ தர மறுத்தல், வேலை தர மறுத்தல், வழக்கமான கொடுக்கல் வாங்கலை நிறுத்துதல் ஆகிய அனைத்தையும் சமூகப் புறக்கணிப்பு எனப் பெயரிட்டு, தண்டனைக்குரிய குற்றமாக அது வரையறுத்தது.

தேர்தலைப் பற்றிய பகுதியில்தான் அவர்களின் தொலைநோக்கு தெளிவாகப் புலப்படுகிறது. முதல் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி. அதன்பின் இடஒதுக்கீட்டுடன் கூடிய கூட்டுத் தொகுதி. ஆனால், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வராதவரை, நம் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டுத் தொகுதியைத் திணிக்கலாகாது. சொத்தும் வரியும் வாக்குரிமையைத் தீர்மானித்த நாளில், கூட்டுத் தொகுதியில் நம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர் நம் எசமானர்களாகவே இருப்பர் என்பதை இருவரும் கண்டனர்.

அது நிலைக்கவில்லை. 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது, காந்தியார் உண்ணாநோன்பிருந்தார், செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கையொப்பமிட்டோரில் சீனிவாசனும் ஒருவர். சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள் கிடைத்தன. தனித் தொகுதி போயிற்று. வேட்பாளர்களை முதலில் நம் வாக்காளர்களே தெரிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலுக்கும் பத்தாண்டே வரம்பு. நெருக்கடியில் இடும் கையெழுத்து எப்படிப்பட்டது என்பதை அவரும் அறிந்திருந்தார். இன்று தனித்தொகுதி உறுப்பினர்கள் கட்சிக் கொறடாவின் கையை அண்ணாந்து பார்த்து நிற்பதற்கான வேர் அங்கே இருக்கிறது.

1935இல் இந்துவாக இறக்கமாட்டேன் என அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் வருணத்துக்கு வெளியே நிற்பவர்கள், இந்துக்களே அல்லர், உள்ளே இல்லாதவன் எங்கிருந்து வெளியேறுவது என்பது அவர் வாதம். தருக்கம் கூர்மையானது. ஆயினும் சட்டம் வேறு வழியில் போயிற்று. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினரை இந்து சமயத்தோடு பிணைத்தது; சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் விலக்கு வந்தது; தலித் கிறித்தவர் இன்னும் வெளியே நிற்கின்றனர். தம்மை யார் எழுத்தில் எப்படிப் பதிவு செய்வார்கள் என்பதில் அத்தனை விழிப்பாயிருந்தவர், இந்தப் பதிவைக் காண இல்லை. 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

அவர் சபை தொடங்கிய அதே 1891இல், அவர் பிறந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணையின்படி நிலம் ஒப்படைக்கப்பட்டது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்பது அதுவே. அங்கும் ஒரு பத்தாண்டு உண்டு: பத்தாண்டுவரை விற்கலாகாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும், மீறினால் அரசு மீட்கலாம். பசியில் இருப்பவனிடமிருந்து நிலத்தைப் பிடுங்குவது எளிது என்பதை அந்நிபந்தனையை எழுதியவர்கள் அறிந்திருந்தனர். அந்நிலத்தை மீட்கக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். காரணையும் செங்கல்பட்டு மண்தான்.

இப்போது ஒரகடம் சாலையில் பேரம் ஆலையின் பெயரால் நடக்கிறது. நிலத்தைக் கொடு, பிள்ளைக்கு வேலை வரும் என்கின்றனர். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், எட்டே ஆண்டில் வீடு திரும்பினர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த எட்டாண்டு உறுதிகூட இல்லை. வேலையும் நிலமும் ஒரே கால அளவுள்ள பொருள்கள் அல்ல. ஒன்றுக்கொன்று ஈடாக அவற்றைத் தராசில் வைப்பதிலேயே மோசடி தொடங்குகிறது.

எனவே இவ்வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் எவரேனும் நிலத்துக்கு விலை பேசினால், இன்றைய கணினிச் சிட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் பல ஊர்க் கணக்குகளில் டி.சி. நிலம் என்னும் குறிப்பு காணாமல் போயிருக்கிறது. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் பழைய ‘ஏ’ பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நகல் கைக்கு வரும்வரை முன்பணம் வாங்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.