கரும்புக்குப் பலம் தேடிய தமிழர்

இன்று காலையில் காப்பி குடித்தீர்கள் அல்லவா? அதில் கலந்த சர்க்கரைக்குப் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பு இருக்கிறது.

அவர்தான் டி.எஸ்.வெங்கட்ராமன். 1884-ம் ஆண்டு பிறந்தவர்.

விரல் பருமன் கரும்பு

அந்தக் காலத்தில் வட இந்தியக் கரும்பு மிகவும் மெல்லியது. பனியைத் தாங்கும், ஆனால் சாறு குறைவு. தெற்கே விளைந்த தடித்த கரும்பில் சாறு அதிகம். ஆனால் வடக்கே தாக்குப்பிடிக்காது. எனவே ஜாவா தீவில் இருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வந்து இறங்கியது.

1912-ம் ஆண்டு கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அதன் தலைவர், ஆங்கில விஞ்ஞானி பார்பர். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார், வெங்கட்ராமன்.

புல்லுடன் திருமணம்

கரணை நட்டால் தாய்க்கரும்பு போன்றே முளைக்கும். புது ரகம் வேண்டுமானால், ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்த்து, விதை எடுக்கவேண்டும். கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும். அங்கே நாணல் போன்ற ஒரு காட்டுப் புல்லும் வளர்ந்தது. இனிப்பு இல்லை, ஆனால் பலம் உண்டு.

அந்தப் புல்லையும் தடித்த கரும்பையும் சேர்த்தார்கள். "கோ 205" பிறந்தது. 1918-ல் பஞ்சாபுக்குச் சென்றது. பழைய கரும்பைவிட அதிக விளைச்சல் தந்தது!

பார்பர் ஓய்வு பெற்றதும், பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது.

அமெரிக்காவில் ஆபத்து

அமெரிக்காவின் லூசியானாவில் கரும்பைத் தேமல் நோய் தாக்கியது. இது வைரஸ் கிருமியால் வருவது. இலை வெளுத்துத் திட்டுத் திட்டாகும். அசுவினிப் பூச்சி இதைப் பரப்பும். நோயுள்ள கரணையை நட்டாலும் பரவும். மருந்து கிடையாது. 1926-ல் அங்கே சர்க்கரை உற்பத்தி 50 ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது.

முதலில் ஜாவா ரகங்கள் கைகொடுத்தன. அடுத்து வந்தது, கோவையில் பிறந்த "கோ 281". அதன் உடலிலும் காட்டுப் புல்லின் ரத்தம் ஓடியது. தேமலை எதிர்த்து நின்றது. எங்கோ இருந்த விவசாயிகள், நம் ஊர்க் கரும்பை நட்டுப் பிழைத்தார்கள்.

வெங்கட்ராமனுக்கு ஆங்கில அரசு "சர்" பட்டம் வழங்கியது. 1956-ல் இந்திய அரசு "பத்மபூஷண்" விருது அளித்தது. 1963-ல் காலமானார்.

இன்று...

எந்த நாற்றுக்கு நோயைத் தாங்கும் பலம் உண்டு? அன்று அதை அறிய ஒரே வழி: ஆயிரக்கணக்கில் நட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. இன்று பல பயிர்களில், இளம் நாற்றின் இலைத் துண்டு ஒன்று போதும். நோயைத் தாங்கும் மரபணுவின் அடையாளம் அதில் இருக்கிறதா என்று சோதனைச்சாலையிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் கரும்பில் இது எளிதல்ல. அதன் உயிரணுவில் 100-க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கின்றன. வைரசும் உருமாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, பலம் உள்ள செடியைத் தேடும் வேலை ஓயவில்லை. அடுத்த பலம் எந்தப் புல்லில் ஒளிந்திருக்கிறதோ! வரப்போரத்துக் காட்டுப் புல்லையும் காப்பாற்றி வைப்பது நல்லது.