காந்த உருண்டையில் கோள்களைத் தேடியவர்

கோள்கள் பிறந்த விதத்தை ஆராய்ந்தோர் பலரும் வானத்தை நோக்கினர், கணிதத்தை நாடினர். அவ்வினாவை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்த்தவர் நார்வே நாட்டு இயற்பியலறிஞர் கிறிஸ்தியான் பிர்க்லாண்ட்.

இன்று ஓஸ்லோ எனப்படும் நகரில் 1867 டிசம்பர் 13ஆம் நாள் பிறந்த இவர், 1898இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். வடவானில் தோன்றும் துருவ ஒளியின் காரணத்தை அறியும் வேட்கை அவரை ஹால்டே மலையின் பனியுச்சிக்கு இட்டுச் சென்றது. கதிரவனிலிருந்து வரும் மின்துகள்களைப் புவியின் காந்தப்புலம் துருவங்களுக்கு வழிநடத்துவதே அவ்வொளிக்குக் காரணம் என்னும் கருத்தை அவர் நிலைநாட்ட முயன்றார்.

அதற்கெனக் காற்று நீக்கிய பேழைக்குள், மின்காந்தம் பொதிந்த உருண்டையொன்றை அமைத்தார். மின்கதிர்களைச் செலுத்தியபோது அதன் துருவங்களில் ஒளி வளையங்கள் தோன்றின. உருண்டையையே எதிர்மின்வாயாக்கியபோது, சனிக்கோளின் வளையத்தையொத்த ஒளிவட்டம் அதன் நடுக்கோட்டைச் சூழ்ந்தது. கதிரவன் உமிழும் பொருள் இவ்வாறே காந்த விசையால் வளையங்களாகி, பின்னர்க் கோள்களாகத் திரண்டிருக்கலாம் என அவர் எண்ணினார்.

இவ்வாய்வுக்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. 1903இல் அவர் அவையோர் முன் இயக்கிக் காட்டிய மின்பீரங்கி பழுதுற்றுத் தோல்வி கண்டது. எனினும் மின்சுடரைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் முறையைச் சாம் ஐடே என்னும் பொறியாளருடன் இணைந்து உருவாக்கினார். 1905இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் அதன்வழித் தோன்றியது. அவ்வருவாயை ஆய்வுக்கே செலவிட்டார்.

அந்திவானின் மங்கிய ஒளியொன்றை ஆராய எகிப்து சென்றவரை உறக்கமின்மையும் தூக்க மருந்தும் நலிவித்தன. 1917 ஜூன் 15ஆம் நாள் டோக்கியோவில், தம் 49ஆம் வயதில் மறைந்தார். நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை.

துருவ ஒளி பற்றிய அவர் கருத்தை அறிஞர் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. அவர் கூறிய மின்னோட்டங்கள் விண்ணில் உண்டென்பதை 1960, 1970களில் செயற்கைக்கோள்கள் மெய்ப்பித்தன. இன்று அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

கோள்களின் பிறப்பில் ஈர்ப்பு விசையே தலைமையானது என்பது இன்றைய தெளிவு. ஆதலின் அவர் கொள்கை அப்படியே நிலைபெறவில்லை. ஆயினும் இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுத்தட்டில் காந்தப்புலத்துக்கும் பங்குண்டென அறிவியலார் ஆராய்கின்றனர். ஒன்றில் வென்றார், மற்றொன்றில் பிறர் தொடர வழி திறந்தார். முடிவு பிழைபடுமோ என்றஞ்சி வினவாதிருப்பதினும், வினவிச் சோதித்துப் பிழைபடுதல் மேல் என்பதை நம் மாணவர்க்கு அவர் வாழ்வு உணர்த்துகிறது என்போம்.